எரிக்க அனுமதி கோரி

கானா நாட்டின் வடகோடியில் இருக்கிற போல்காட்டாங்காவில் அந்த நிறுவனத்தின் முழுப்பெயரை ஒரே மூச்சில் சொன்னவர்கள் இல்லை. மேல்கிழக்கு வட்டார எண்ணியல் புத்தாக்க, நுண்மின்னியல் மற்றும் இளையோர் மேம்பாட்டு நிறுவனம் என்று வாசலில் எழுதியிருந்தது. எழுத எழுத இடம் போதாமல் எழுத்துகள் சிறுத்துக்கொண்டே போய், இளையோரைப் படிக்க வேண்டுமென்றால் கிட்டத்தில் போய்க் கண்ணை இடுக்க வேண்டும். ஊர் அதை ஏசி வீடு என்று சுருக்கிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் மின்சாரம் போனாலும் அங்கே ஜெனரேட்டர் உறுமும். உள்ளே இருப்பவர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நாட்டின் எதிர்காலத்தைப் பற்றி யோசிப்பார்கள்.

தலாதா அங்கே போனது எதிர்காலத்துக்காக இல்லை. முட்டைக்காக.

அவள் வீட்டில் ஒரு செத்த ஃப்ரிட்ஜ் இருந்தது. அதற்குள் இப்போது குண்டு பல்புகள், ஒரு சின்ன மின்விசிறி, ஒரு தண்ணீர்ச் சட்டி. குளிரவைக்கச் செய்த பெட்டி சூடு பண்ணிக்கொண்டிருந்தது. உள்ளங்கை அளவு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு ஒன்று, உள்ளே எவ்வளவு சூடு என்று பார்த்துப் பார்த்து பல்பைப் போடும், அணைக்கும். பொழுதுபோகாத பையன்கள் பொம்மைக் கார் ஓட்டுவதற்கு வாங்குகிற போர்டுதான். கல்லூரியில் கடைசி வருஷம் தலாதா அதைக் கோழிக்குஞ்சு பொரிக்க வைத்தாள். அந்தக் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போன முதல் ஆள் அவள். "படிச்சு என்னத்தக் கிழிச்சே?" என்று கேட்கிற உறவுக்காரர்களுக்கு அந்த ஃப்ரிட்ஜின் கதவைத் திறந்து காட்டுவாள்.

இந்த முறை அதற்குள் இருந்தவை சும்மா முட்டைகள் இல்லை. மழை தொடங்கியபோது வந்த நோயில் அம்மா அசிபியின் கினிக்கோழிகள் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்தன. தப்பிப் பிழைத்த சில பெட்டைகள் இட்டதும், அக்கம்பக்கத்துப் பெண்கள் நம்பிக் கொடுத்ததும்தான் உள்ளே இருந்தன. கினிக்கோழிக்கு முட்டையிடத் தெரியும், உட்கார்ந்து அடைகாக்கப் பொறுமை கிடையாது. மழையும் நின்றுவிட்டது. மழை நின்றால் அது முட்டையிடுவதையும் நிறுத்திவிடும். இவை பொரித்தால் முற்றத்தில் மறுபடி கோழி. பொரிக்காவிட்டால் வெறும் முற்றம்.

அப்போதுதான் ஏசி வீட்டின் வண்டி ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக வந்தது. வீட்டில் செய்த மின்கருவி எதுவானாலும் தூய்மைச் சான்றிதழ் வாங்க வேண்டும். வாங்காத கருவிக்கு அரக்கு வைத்துப் பூட்டப்படும். பெட்டியைத் தூக்கி வர வேண்டாம், மூளையை மட்டும் கொண்டுவந்தால் போதும், உட்கார்ந்து எழுந்திருப்பதற்குள் கொடுத்துவிடுவோம் என்றது வண்டி.

தலாதா மூளையைக் கழற்றிச் சோற்று டப்பாவில் வைத்துக்கொண்டாள். அவள் வருகிறவரை சூடு தணியாமல் இருக்க, அம்மா ஒரு மண்சட்டியில் கரித்தணலை எடுத்து உள்ளே வைத்துக் கதவை ஒருக்களித்தாள்.

ஏசி வீட்டில் அவளைப் பார்த்ததும் மிஸ்டர் டெரி நாற்காலியிலிருந்தே கத்தினார்.

"வாடி என் அடிமையே! எசமானைப் பாக்க வெறுங்கையோடவா வந்தே? நாய்த்தலை எங்கே?"

"நாய்த்தலையை உங்க தாத்தா எங்க கொல்லையில திருடித் தின்னுட்டாரு. பல்லு மட்டும் கிடக்கு. எடுத்துட்டு வரட்டா?"

தலாதா ஃப்ராஃப்ரா, டெரி தகாபா. இந்த இரண்டு கூட்டத்துக்கும் கேலி முறை; நாய்க்கறியில் தலை யாருக்கு என்பது தலைமுறை தலைமுறையாக நடக்கிற வாய்ச்சண்டை. எங்கே பார்த்துக்கொண்டாலும், அது சாவு வீடாகவே இருந்தாலும், இவன் அவனை அடிமை என்பான், அவன் இவனைத் திருடன் என்பான். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்துக்கொண்டால் அதற்குத் தண்டம் உண்டு.

டெரியின் பதவி எண்ணியல் சுகாதார அதிகாரி. அதனால் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். கைக்கு ரப்பர் உறை மாட்டிக்கொண்டு டப்பாவிலிருந்து போர்டை இரண்டு விரலால் தூக்கினார். மேசையில் இருந்த ஒரு சின்னக் கருவியின் வயரை அதில் செருகினார். கருவியில் ஒரு சிவப்புப் பொத்தான், ஒரு பச்சைப் பொத்தான். சிவப்பை அழுத்தினார்.

"முடிஞ்சுது."

"என்ன முடிஞ்சுது?"

"சுத்தம் பண்ணியாச்சு. உள்ள ஒரு வைரஸ்கூடக் கிடையாது."

"அய்யோ, என் புரோகிராம்?"

"அதுவும் கிடையாது. எதுவுமே கிடையாது. என் சர்வீஸ்ல இவ்வளவு சுத்தமான போர்டை நான் பாத்ததே இல்ல." டெரி உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். போர்டின்மேல் நிறுவனத்தின் ஸ்டிக்கரை ஒட்டி, சான்றிதழில் கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, மை காய ஊதிக் கொடுத்தார். 'இக்கருவியில் எவ்விதத் தீங்கும் இல்லை' என்று அதில் இருந்தது. அது முழு உண்மை.

அந்தப் போர்டுக்குள் இரண்டு எழுத்து இருந்தன. ஒன்று தலாதா எழுதியது: எப்போது பல்பைப் போடு, எப்போது அணை. இன்னொன்று பிறக்கும்போதே உள்ளே வைத்து அனுப்பியது. பூட்லோடர் என்பார்கள். வாசல்காரன் மாதிரி நின்று, வெளியிலிருந்து வருகிற எழுத்தைக் கதவு திறந்து உள்ளே விடுவது அதன் வேலை. டெரி இரண்டையும் துடைத்துவிட்டிருந்தார். தலாதா எழுதியது அவள் மடிக்கணினியில் பத்திரமாக இருந்தது. உள்ளே விடத்தான் வாசல்காரன் இல்லை. வாசல்காரனைத் திரும்ப நிறுத்துவதற்கும் டெரியின் மேசைமேல் இருந்த அதே கருவி போதும். சுரைக்குடுக்கையில் ஊற்றின பீட்டோ என்கிற சோளக்கள்ளின் நுரை அடங்குவதற்குள் முடிகிற வேலை.

"சரி, பரவாயில்ல. பச்சையை அழுத்துங்க," என்றாள் தலாதா.

"பச்சைக்கு எனக்கு அதிகாரம் இல்லியே."

"என்னது?"

"அழிக்கிறது சுகாதாரப் பிரிவு. எழுதுறது ஆக்கப் பிரிவு."

"ஆக்கப் பிரிவு எங்க இருக்கு?"

"அதை இன்னும் ஆக்கல."

அவள் டெரியின் தலைக்குப் பின்னால் பார்த்தாள். கண்ணாடி அலமாரி. அதில் அவளுடையதைப் போன்ற போர்டுகள் உறை பிரிக்காமல் அடுக்கடுக்காக இருந்தன. அவற்றில் ஒன்றை எடுத்து நாலைந்து வயரில் இணைத்தால் அதுவே செத்த போர்டுக்கு எழுதிக் கொடுத்துவிடும். அலமாரியின் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது.

"அதுல ஒண்ணு குடுங்க. இங்கயே உக்காந்து எழுதிட்டு உங்க கையிலயே தந்துடறேன்."

"அது இன்னும் திறப்பு விழா ஆகலம்மா. துணை அமைச்சர் வந்து ரிப்பன் வெட்டணும். வெட்டாத ரிப்பனுக்கு அந்தப்பக்கம் இருக்கிற பொருள் சட்டப்படி இன்னும் வந்து சேரல."

"கண்ணுக்குத் தெரியுதே!"

"தெரியலாம். வரல."

தலாதா கருவியின்மேல் கையை வைத்தாள். கேலி முறையில் உறவுக்காரன் பொருளைப் பிடுங்கலாம். பறிகொடுத்தவன் சிரிக்கத்தான் வேண்டும். டெரி சிரிக்கவில்லை. கருவியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"ஆபீஸ் நேரத்துல கேலி முறை செல்லாதுன்னு சுற்றறிக்கை வந்திருக்கு."

"அப்போ என் போர்டையாவது குடுங்க, நான் போறேன்."

"எப்படிக் குடுக்கறது? உள்ள வந்தது வேலை செய்யுற போர்டு. வெளிய போறது வேலை செய்யாத போர்டு. வாசல்ல கேட்டா நான் என்ன பதில் சொல்ல? இயக்குநருக்கு ஒரு விண்ணப்பம் எழுது, அடிமையே. நல்லவர். படிச்சுப் பாப்பாரு."

தெருவுக்கு வந்ததும் தலைநகர் அக்ராவில் இந்தச் சாமான் விற்கிற கடைக்குப் போன் செய்தாள். "மேடம், என்கிட்ட இருந்ததையெல்லாம் உங்க ஊரு நிறுவனந்தானே அள்ளிட்டுப் போச்சு?" என்றான் கடைக்காரன். "அடுத்த சரக்கு தேமா துறைமுகத்துல கிடக்கு. இது என்ன சாமான்னு கஸ்டம்ஸ்காரங்களுக்குப் புரியல. புரிஞ்சதும் விடுவாங்க."

வீட்டில் அம்மா ஃப்ரிட்ஜ் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். முழங்கையை உள்ளே நீட்டிச் சூடு பார்த்து, கூடினால் ஈரத்துணி போட்டு, குறைந்தால் தணலைக் கிளறினாள்.

"மூளை எங்கடி?"

"அங்கயே வச்சுக்கிட்டாங்கம்மா. அழிச்சுட்டாங்க."

"எதுக்கு அழிச்சாங்க?"

"சுத்தமா இருக்கணும்னு."

அசிபி தணல்சட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். "அவங்க வீட்டுல சோத்துப் பானையையும் இப்படித்தான் சுத்தம் பண்ணுவாங்களா?" என்று கேட்டுவிட்டுத் தணலை ஊதினாள்.

தலாதா விண்ணப்பம் எழுதினாள். அங்கேதான் அவள் ஒரு தப்புச் செய்தாள். சில்லுக்குள் எழுதுவதை அந்தத் தொழிலில் எரிப்பது என்பார்கள். யார் வைத்த பெயரோ, கல்லூரியில் வாத்தியார் முதற்கொண்டு அப்படித்தான் சொல்வார். கை பழகிய பழக்கத்தில் அவள், 'பொருள்: பூட்லோடரை எரிக்க அனுமதி கோரி' என்று எழுதிவிட்டாள்.

இயக்குநர் பெயர் இஞ்சினியர் டாக்டர் அம்போன்சா-டார்க்கோ. இரண்டு பட்டமும் சேர்ந்தே வர வேண்டும். வெறும் டாக்டர் என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார். அவர் பொருள் வரியைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எரிக்கவா? இந்த வளாகத்துலயா?"

"சார், எரிக்கிறதுன்னா நெருப்பு இல்ல சார். சும்மா ஒரு பேச்சு."

"பாரும்மா. நான் டாக்டர் மட்டும் இல்ல, இஞ்சினியரும்கூட. எரிப்புன்னா என்னன்னு எனக்கு நீ சொல்லித்தர வேண்டாம். எரிப்புல புகை வரும்." அவர் எழுந்து ஜன்னலோரம் போனார். பேச்சு நீளப்போகிறது என்றால் அவர் எழுந்து நிற்பார். "இந்த நிறுவனம் தொடங்கின நாளா இங்க ஒரு விபத்து நடந்ததில்ல. ஒரு வயர் கருகினதில்ல. ஒரு கருவி தேய்ஞ்சதில்ல. ஒரு உறைகூடப் பிரிச்சதில்ல. வெளிநாட்டுக் கொடையாளிங்க வந்து பாத்துட்டு, இப்படி ஒரு ஆய்வுக்கூடத்தை எங்க நாட்டுலயே பாத்ததில்லன்னு சொல்லிட்டுப் போறாங்க. இதையெல்லாம் ஒரு கோழி முட்டைக்காக எரிக்கச் சொல்றியா?"

"சார், என் போர்டை மட்டுந்தான் சார்..."

"அதுல எங்க ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. ஸ்டிக்கர் ஒட்டினதும் அது எங்க பொறுப்பு. பொறுப்பை எரிக்க முடியுமா?"

ஆனாலும் அவர் இளைஞர்களின் விண்ணப்பத்தைத் தள்ளுபவர் இல்லை. உரிய வழியில் எரிக்கட்டும் என்று குறிப்பெழுதினார்.

உரிய வழியில் முதலில் தீயணைப்பு வண்டி வந்தது. ஊழியர்கள் எல்லாரையும் வேப்பமரத்தடியில் வரிசையாக நிற்கவைத்தார்கள். வெளியே வெயில். பல பேர் ஸ்வெட்டரைக் கழற்றியது அன்றைக்குத்தான். குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு தீயணைப்பு அதிகாரி உள்ளே போனார். டெரி ஒரு தட்டில் போர்டை ஏந்திக்கொண்டு நின்றார்.

"எரிக்கப்போற சாமான் எங்க?"

"இதுதான்."

"இதுக்கா வண்டி கொண்டாரச் சொன்னீங்க? நான் எச்சில் துப்பியே அணைச்சிடுவேனே!"

ஆனாலும் சட்டம் சட்டம்தான். வாளிகளில் மணல் நிரப்பி வைத்தால் எரிக்கலாம் என்று அவர் சான்று கொடுத்தார். மணல் வந்தது. அந்த மணலை வைக்க ஓர் அறை ஒதுக்கினார்கள். அந்த அறைக்கு ஏசி வந்தது.

அடுத்தது கழிவுப் பொருள் அழிப்புக் குழு. நிறுவனத்தின் பொறுப்பிலுள்ள எதை எரிப்பதானாலும், அது எரிக்கத் தகுந்ததுதானா என்று அவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். உடைந்த நாற்காலிகள், கறையான் அரித்த கோப்புகளோடு தலாதாவின் போர்டையும் ஒரே மேசையில் வைத்துச் சுற்றிவந்தார்கள். மின்சாரம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு விளக்கும் எரியவில்லை. 'முற்றிலும் பயனற்றது, எரிக்கலாம்' என்று ஒரு மனதாக முடிவு செய்தார்கள்.

விவரம் கேட்க வந்த தலாதாவிடம் டெரி இதைச் சந்தோஷமாகத்தான் சொன்னார். "உன் காரியம் கூடிவந்துடுச்சு. கொல்லையில குழி தோண்டியாச்சு. மண்ணெண்ணெய் வந்ததும் எரிச்சுடுவாங்க."

அவள் ஓடினாள். குழியின் ஓரத்தில் நாற்காலிக் கால்களுக்கு நடுவே கிடந்த போர்டைப் பொறுக்கியெடுத்து, அதே ஓட்டத்தில் இயக்குநர் அறைக்குள் போனாள்.

"சார்! எரிக்கிறதுன்னா எழுதுறது! எழுதுறதுன்னு அர்த்தம்!"

"அப்போ எழுதுறதுன்னு எழுத வேண்டியதுதானே? படிச்ச பொண்ணு, எழுதுறதை எரிக்கிறதுன்னு எழுதினா இந்த நாடு எப்படி முன்னேறும்?" அவர் மணியடித்து டெரியை அழைத்தார். போர்டு திரும்பவும் தட்டுக்குப் போனது.

அவள் விண்ணப்பத்தை மாற்றி எழுதினாள். 'எழுத அனுமதி கோரி.' எழுத்து என்று வந்ததால் அது வெளியீட்டுக் குழுவுக்குப் போனது. அந்தக் குழுவில் இருந்தவர் ஒருவர்தான். அவரும் இயக்குநர்தான். அவர் வேறு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"நீ எழுதப்போறது உன்னோட சொந்தப் படைப்பா?"

"பூட்லோடர் என்னோடது இல்ல சார். அது உலகத்துல எல்லாரும் எடுத்துப் போட்டுக்கிறது. இலவசம்."

"ஓஹோ. வேற ஒருத்தர் எழுதினதை நீ அப்படியே திரும்ப எழுதப்போறே."

"ஆமா சார். ஒரு எழுத்து மாறினாலும் வேலை செய்யாது."

"ஒரு எழுத்துகூட மாத்தாம!" இயக்குநர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "இதுக்கு என்ன பேருன்னு கல்லூரியில சொல்லித் தரலியாம்மா? எழுத்துத் திருட்டுன்னு பேரு. என் ஆராய்ச்சிப் பட்டத்தப்போ என்மேலயே இந்தப் பழியைப் போட்டாங்க. விசாரணை முடியறதுக்குள்ள நான் பதவி உயர்வு வாங்கிட்டேன். எல்லாருக்கும் அந்த வாய்ப்பு கிடைக்காது."

தலாதாவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "அழிக்கும்போது மட்டும் யாருகிட்ட சார் அனுமதி கேட்டீங்க?"

இயக்குநர் நிஜமாகவே திகைத்தார். அவரை யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

"அழிக்கிறதுக்கு எதுக்கும்மா அனுமதி?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்கு ஏதாவது வழக்கம் இருந்திருக்கும், தண்ணீர் கொடுக்கச் சொல்லியிருப்பார். அவள் முறைத்துக்கொண்டு நின்றாள். முறைப்புக்குச் சுற்றறிக்கை எதுவும் இல்லாததால் அவர் சங்கடப்பட்டு, சட்டென்று ஒரு யோசனையைக் கண்டுபிடித்தார். நிறுவனத்தில் நிகழ்ந்த முதல் கண்டுபிடிப்பு அதுதான்.

"செத்த போர்டுக்கு உயிர் கொடுக்கும் விழா! துணை அமைச்சர் ரிப்பன் வெட்டுவார், அதே கையால பச்சைப் பொத்தானையும் அழுத்துவார். உன் வேலையும் ஆச்சு, எங்க விழாவும் ஆச்சு."

"எப்போ சார்?"

"வர்ற வெள்ளிக்கிழமை."

வெள்ளிக்கிழமை துணை அமைச்சருக்கு ஒரு சாவு. சாவு என்றால் துக்கம், அடக்கம், அதற்குப் பிறகு நன்றி வழிபாடு. எல்லாவற்றுக்கும் தனித்தனித் துணி தைக்க வேண்டும். விழா அடுத்த வாரத்துக்குப் போனது. அடுத்த வாரம் வேறு யாரோ செத்தார்கள். துணை அமைச்சருக்குச் சொந்தம் அதிகம்.

வீட்டில் அம்மாவும் மகளும் போர்டாக மாறியிருந்தார்கள். ஒருத்தி தூங்கினால் இன்னொருத்தி முழங்கையை உள்ளே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முட்டை கொடுத்த பெண்கள் கரி கொண்டுவந்தார்கள், தட்டில் துவோக் களியும் கீரைச்சாறும் கொண்டுவந்தார்கள், தங்கள் முட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஹார்மட்டான் காற்று வடக்கே பாலைவனத்திலிருந்து புழுதியோடு இறங்கிவிட்டது. பகலில் உதடு வெடிக்கும், பொழுது சாய்ந்தால் பல் கிட்டிக்கும். பல்பு ஒரு நொடியில் செய்கிற வேலையைத் தணல் மெதுவாகத்தான் செய்யும். செய்ய ஆரம்பித்தால் நிறுத்தவும் தெரியாது.

ஒருநாள் மத்தியானம் தலாதா ஏசி வீட்டில் காத்துக்கிடந்துவிட்டுத் திரும்பியபோது, அம்மா முக்காலியிலேயே தலை தொங்கித் தூங்கிக்கொண்டிருந்தாள். தணல் சாம்பலாகியிருந்தது. எப்போது ஆனது என்று தெரியவில்லை.

கதவையும் ஜன்னலையும் சாத்தி அறையை இருட்டாக்கிக்கொண்டு ஒவ்வொரு முட்டையாக டார்ச்மேல் வைத்துப் பார்த்தார்கள். முன்பெல்லாம் சிவப்பு நரம்பு கிளைகிளையாக ஓடி, நடுவே ஒரு கறுப்பு துள்ளும். இப்போது நரம்பு இல்லை. கறுப்பு ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டு கிடந்தது. முட்டையைச் சாய்த்தால் உள்ளே தளும்பியது. அடுத்தது. அதற்கடுத்தது. மகள் பாதியில் டார்ச்சை அணைக்கப் போனாள். அம்மா விடவில்லை. கடைசி முட்டைவரை பார்த்தாள். அடுத்தவர்கள் கொடுத்த முட்டை, பார்க்காமல் எப்படிச் சொல்வது?

"நான்தான் கண்ணசந்துட்டேன்," என்றாள் அசிபி.

"நீ இல்லம்மா."

"தணலுக்குப் பக்கத்துல இருந்தது நான்தானே?"

"நீ இல்லன்னு சொல்றேன்ல!" தலாதா கத்தினாள். கத்திவிட்டு, அந்தக் கத்தலைக் கேட்க வேண்டியவர்கள் ஊரின் இன்னொரு பக்கத்தில் கண்ணாடி ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டாள்.

அன்று போய் எல்லாப் பெண்களுக்கும் சொன்னார்கள். ஒருத்தியும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று இருந்தது.

முட்டைகளை அம்மா வெளியே எறியவில்லை. வெயில் படுகிற இடத்தில் கோணியில் போட்டு வைத்தாள். ஏன் என்று தலாதா கேட்கவில்லை. செத்த முட்டையை வெயிலில் வைத்தால் உள்ளே அழுகிக் காற்றடைத்து, ஒரு குலுக்கலுக்குக் காத்திருக்கும் என்று அந்த ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும்.

விழாவுக்கு முந்தின நாள் டெரி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் ஒரு புதுப் புல்லுக்கூடை. கோட்டு இல்லாததால் ஆள் சின்னதாகத் தெரிந்தார்.

"இயக்குநர் சொல்லியனுப்பினாரு. பெரிய மனுஷங்க வந்தா கினிக்கோழி முட்டை குடுக்கிறது நம்ம பக்கத்து வழக்கமில்லியா? பயனாளி கையால குடுத்தா போட்டோவுக்கு எடுப்பா இருக்குமாம். கூடை அவங்களே குடுத்துட்டாங்க."

"பயனாளி யாரு?" என்றாள் தலாதா.

"நீங்கதான்."

தலாதா வாயைத் திறந்தாள். அதற்குள் அம்மா கூடையை வாங்கிக்கொண்டாள். "எவ்வளவு வேணும் தம்பி?"

"கூடை நிறையம்மா."

"இருக்கு," என்றாள் அசிபி.

விழா காலையில் என்று போட்டிருந்தார்கள். துணை அமைச்சர் மத்தியானம் வந்தார். அதுவரைக்கும் பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தொப்பியும் பனியனும் கொடுத்தார்கள். பனியனில் நிறுவனத்தின் முழுப்பெயர் நெஞ்சில் தொடங்கி முதுகில் முடிந்தது. பாதிரியார் ஜெபித்தார், இமாம் ஓதினார், மண்ணின் பெரியவர் ஒருவர் தரையில் பீட்டோ ஊற்றி முன்னோரை அழைத்தார். மூன்று பேரும் போர்டு நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்கள். பேசியவர்கள் எல்லாரும், மேடையிலிருந்த ஒவ்வொருவருடைய பட்டத்தையும் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்த பிறகு, "நேரத்தின் அருமை கருதி அனைத்து மரியாதைகளும் செலுத்தப்பட்டதாகக் கொள்க" என்றார்கள்.

துணை அமைச்சர் மைக்கைப் பிடித்தார். "உள்ளே ஒன்றுமே இல்லாத ஒரு போர்டு! பார்த்தவர்கள் எல்லாம் பயனற்றது என்றார்கள். எரித்துவிடலாம் என்றார்கள். ஆனால் இந்த அரசு அப்படிப் பார்க்கவில்லை. அந்த வெறும் போர்டில் இந்த அரசு தன்னையே பார்த்தது!"

கைதட்டல் ஓயாததால் அதை அவர் இரண்டாம் தரமும் சொன்னார்.

ரிப்பன் வெட்டுப்பட்டது. போர்டுகள் சட்டப்படி வந்து சேர்ந்தன. தலாதா மேடையேறி மடிக்கணினியைத் திறந்து, கருவியை இணைத்துக் கொடுத்தாள். துணை அமைச்சரின் விரலைச் சிவப்பிலிருந்து நகர்த்திப் பச்சையின்மேல் வைத்தவளும் அவள்தான். அவர் அழுத்தினார். இயக்குநர் தொண்டையைக் கனைத்து விளக்கவுரை தொடங்குவதற்குள் போர்டில் சின்ன விளக்கு ஒன்று சிமிட்டியது.

அவ்வளவுதான். அவ்வளவுதான் வேலை.

தலாதா கையை நீட்டினாள். இயக்குநர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். போர்டை டெரி வெல்வெட் துணியில் ஏந்திக்கொண்டு போய் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். 'நிறுவனத்தால் உயிர்ப்பிக்கப்பட்ட முதல் போர்டு' என்று அதன் கீழே ஏற்கெனவே பித்தளையில் பொறித்து வைத்திருந்தார்கள்.

"சார், அது என்னோட போர்டு."

"அது இப்ப நாட்டோடது. பெருமையா இல்லியா உனக்கு?" இயக்குநர் புகைப்படக்காரனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பேசினார். "உனக்குச் சான்றிதழ் உண்டு. முட்டை எங்க?"

அசிபி கூடையோடு வந்தாள். தேவாலயத்துக்கு உடுத்துகிற ஞாயிற்றுக்கிழமைத் துணி உடுத்தியிருந்தாள். முட்டைகளைத் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று அடுக்கியிருந்தாள். கால் மடக்கித் தாழ்ந்து, இரண்டு கையாலும் கொடுத்தாள். துணை அமைச்சர் கூடையைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். படம் எடுத்தார்கள். "முட்டையிலிருந்து ஏற்றுமதி வரை!" என்று அவர் முழங்கினார். பந்தல் எழுந்து நின்று கைதட்டியது. முட்டை கொடுத்திருந்த பெண்கள் பின்வரிசையில் புதுத் தொப்பியோடு நின்றார்கள். அவர்கள் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார்கள்.

கூடையை வண்டிக்குக் கொண்டுபோக டெரியிடம் கொடுத்தார்கள். நாலடி நடந்ததும் அவர் நின்றார். அவரும் கோழி வளர்த்த வீட்டில் பிறந்தவர்தான். கூடையை மெல்ல ஒரு பக்கம் சாய்த்தார். காதருகே கொண்டுபோய்க் கேட்டார். திரும்பி அசிபியைப் பார்த்தார். அசிபியும் பார்த்தாள்.

டெரி கூடையை நிமிர்த்திப் பிடித்தார்.

"டிக்கியில வச்சிடவாம்மா?" என்றார் மெதுவாக.

"டிக்கியில வேண்டாம் தம்பி, குலுங்கும். ஐயா மடியிலயே இருக்கட்டும்."

டெரி கதவைத் திறந்து, துணை அமைச்சர் ஏறி உட்காரும்வரை காத்திருந்து, கூடையை அவர் மடியில் பதமாக இறக்கினார். அவருடைய கோட்டின் நுனி மாட்டிக்கொள்ளாமல் ஒதுக்கிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அக்ராவுக்கு ஒரு நாள் பயணம். வழியில் தமலே நகரம்வரை சாலையில் குழியைத் தவிர வேறொன்றும் இல்லை. வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு கிளம்பியது. ஏசியின் குளிர்ச்சி வெளியே போய்விடாமல் இருக்க, எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றியிருந்தார்கள்.